கல்லும் காரையும் எஸ்டிமேட்டும்

மாமல்லபுரம் குன்றின் மேல் நிற்கும் கலங்கரை விளக்கம் ஓர் அரசுக் கட்டடம். பக்கத்தில் பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயிலும் அதன் கீழே மகிஷாசுரமர்த்தினி குகையும் இருப்பதால் யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் சர்க்கார் பணத்தில், சர்க்கார் வேலை ஒன்றுக்காக எழுப்பியதுதான் அது. 1887-ல் இந்தக் குன்றிலிருந்து கப்பல்களுக்கு விளக்குக் காட்டத் தொடங்கினார்கள். இப்போதுள்ள வட்டமான கருங்கல் கோபுரம் 1904 முதல் இயங்கிவருகிறது. நூற்றிருபது ஆண்டுகளாக உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் அதன் மேல் மோதுகின்றன. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் இந்த ஊருக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. கோபுரம் அப்படியே நிற்கிறது.

அதே கரையோரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், முப்பது வயதுகூட ஆகாத கான்கிரீட் கட்டடங்களில் சன்ஷேடு வெடித்து, துருவேறிய கம்பி எட்டிப் பார்ப்பதைக் காணலாம். தனியார் வீடானால் இடித்துக் கட்டிக்கொள்வார்கள். அரசு அலுவலகம் என்றால், மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து ஆவணங்களின் மேல் விழுந்த பிறகும் அங்கேயே வேலை நடக்கும்.

செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. புது மாவட்டம் என்றால் புதுக் கட்டடங்கள். ஆட்சியர் அலுவலகம் தொடங்கி வட்டாட்சியர், சார்பதிவாளர், கிராம நிர்வாக அலுவலர் வரை ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஒரு தலைமுறைக்குள் கட்டவோ, இடித்துத் திரும்பக் கட்டவோ வேண்டியவை. எதைக் கொண்டு கட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. விடை இந்த மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. தடை இருப்பது வேறோர் இடத்தில், பொதுப்பணித் துறையின் எஸ்டிமேட்டில்.

முதலில் உப்பைப் பற்றி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. படலம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. கடற்காற்றிலும் கரையோர ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே இன்னும் உப்பு இறங்கும். இந்திய தர நிர்ணய நெறி 456, கடலோரச் சூழலைக் கடுமையான சூழலாக வகைப்படுத்துகிறது. அங்கே குறைந்தது எம்-30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும் என்கிறது. தாளில் இது போதுமான பாதுகாப்பு. தளத்தில் அந்த 45 மில்லிமீட்டரைக் காப்பாற்றுவது கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் என்ற சின்னச் சிமென்ட் கட்டி. கான்கிரீட் கொட்டும்போது சித்தாள்கள் கம்பிமேல்தான் நடந்தாக வேண்டும். நடக்க நடக்கக் கட்டிகள் நழுவும், கம்பி பலகையில் போய் உட்காரும். அன்று சாயங்காலமே அந்தக் கூரையின் ஆயுள் பாதியாகிவிடுகிறது. சென்டரிங் பிரிக்கும்வரை அது யார் கண்ணுக்கும் தெரியாது, பிரித்த பிறகு பூசி மறைத்துவிடுவார்கள்.

கம்பியே இல்லாத கட்டடங்கள் இந்தக் கரையில் எப்படி நின்றிருக்கின்றன என்று பார்க்கலாம். மாவட்டத்தின் தெற்குக் கோடியில் கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. உப்பங்கழி ஓரத்தில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பியது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். 2004 சுனாமியிலும் அடிபட்டது. ஆனாலும் மதில்களின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. செங்கற்களின் முகம் உப்பால் அரிக்கப்பட்டுக் குழிந்திருக்கிறது, இடையிலுள்ள காரை மட்டும் விளிம்புபோல் துருத்திக்கொண்டிருக்கிறது. அங்கே போகிறவர்கள் இதைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும் செங்கல் கட்டுமானம்தான். சாளுவன்குப்பத்தில் சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட கல்வெட்டைப் பின்தொடர்ந்து தொல்லியல் துறை தோண்டியபோது, பல்லவர் காலக் கல் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்று கிடைத்தது. சங்க காலத்தது என்பது அகழ்ந்தவர்களின் கருத்து.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அதைச் செய்ததாகப் பெருமையோடு சொல்கிறது. அந்தப் பெருமையிலிருந்து ஒரு செய்தியைப் பிரித்தெடுக்கலாம். அவன் காலம்வரை இங்கே எல்லாரும் கட்டியது அந்த நான்கையும் வைத்துத்தான். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தல் விதிகளை வெட்டிவைத்த சபை மண்டபமும் கருங்கல் அடித்தளம் கொண்டது. ஊராட்சி அலுவலகத்தின் விதிமுறைகள் அதன் சுவரிலேயே இருக்கின்றன. இப்படி ஓர் அரசு அலுவலகம் உலகத்தில் வேறு எத்தனை இடங்களில் உண்டு?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நிற்பவை மட்டும் நம் கண்ணில் படுகின்றன. விழுந்தவை மணலுக்குள் போய்விட்டன. கோட்டை மதிலின் கனத்தில் கிராம நிர்வாக அலுவலகம் கட்ட முடியாது. கல்லும் உப்புக்குத் தப்புவதில்லை. கடற்கரைக் கோயிலின் சிற்பங்களில் ஊறிய உப்பைத் தொல்லியல் துறை காகிதக் கூழ் அப்பி உறிஞ்சி எடுக்கிறது, காற்றில் வரும் மணலைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் வளர்த்தது. ஆகையால் பழையது எல்லாம் சிறந்தது என்ற வாதம் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கட்டடங்கள் சொல்வது ஒன்றே: இந்தக் கரையில் முதலில் தோற்பது இரும்பு. இரும்பை எவ்வளவு குறைக்கிறோமோ, எவ்வளவு தூரம் உப்புக்கு எட்டாமல் வைக்கிறோமோ, அவ்வளவு காலம் கட்டடம் நிற்கும்.

கரையிலிருந்து செங்கல்பட்டு நகரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே உப்பின் கொடுமை குறைவு, மண்ணும் வேறு. எனவே மாவட்டம் முழுமைக்கும் ஒரே மாதிரி வரைபடம் என்பது தொடக்கத்திலேயே பிழை. கரையோரத்தில் கருங்கல் அடித்தளம், செங்கல்லும் காரையும் சேர்ந்த தடித்த சுவர், கம்பி இல்லாத கூரை. உள்நாட்டில் செங்கல் அல்லது செம்மண் கட்டியால் எழுப்பிய சுவர். வட்டாரப் பொருள் என்பதை மாவட்டப் பெயரால் அல்ல, மண்ணாலும் காற்றாலும் தீர்மானிக்க வேண்டும்.

லாரி பேக்கர் தம் தொழில் வாழ்க்கையின் திசையைத் திருப்பியதாகச் சொன்ன பேச்சு ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி அவரிடம் சொன்னாராம். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞரின் கைவண்ணம் இந்தக் கரையிலேயே இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த மரபு வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவின் வடிவமைப்பில் அவருக்குப் பங்குண்டு. அவருடைய உத்திகளில் அரசு அலுவலகத்துக்கு உடனே பயன்படக்கூடியது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குள் வரிசையாக வெற்றிடங்கள் கிடைக்கும். செங்கல் நூற்றுக்கு இருபத்தைந்து வரை மிச்சமாகும். வெயில் உள்ளே இறங்குவதையும் அந்தக் காற்றறை தாமதப்படுத்தும். மின்குழாய் அதற்குள்ளேயே போகும். ஒரே நிபந்தனை, கல் கோணாமல் ஒரே அளவாக இருக்க வேண்டும், கொத்தனார் தூக்குக்குண்டை நம்ப வேண்டும். பூச்சு இல்லாத சுவர் பிழையை மறைக்காது.

ஆனால் வட்டாரச் செங்கல் என்றதும் மனசாட்சி நிம்மதியாகிவிடக் கூடாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சூளைகளிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை மீட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காகக் குழந்தைகளோடு சூளையில் அடைபட்டுக் கிடந்தவர்களின் கைபட்ட கல்லால் வருவாய்த் துறைக்குக் கட்டடம் எழுப்பினால் அதை எந்தப் பசுமைச் சான்றிதழும் கழுவாது. மீட்க வேண்டிய பொறுப்பு சட்டப்படி அதே வருவாய்த் துறையுடையது. மண்ணின் கதையும் இதுபோலத்தான். விளைநிலத்தின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்த கல்லும், தூர்வார வேண்டிய ஏரியின் வண்டலில் அறுத்த கல்லும் ஒரே விலையில் ஒரே லாரியில் வரும். இது ஏரிகளின் மாவட்டம். எந்த ஏரியிலிருந்து, எவ்வளவு ஆழம், யார் அனுமதியோடு எடுத்த மண் என்று டெண்டரிலேயே கேட்டால், கட்டடம் எழும்போது ஏரியும் ஆழமாகும்.

கருங்கல்லுக்கும் இப்படி ஒரு பின்னணி உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு நிலவியலார் சார்னோகைட் என்று பெயர் வைத்தது, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது என்பதால். அவ்வளவு தூரம் புகழ்பெற்ற அந்தப் பாறையைச் சென்னை ஜல்லியாக உடைத்துத் தின்று தீர்த்தது. சுற்றுவட்டாரக் குவாரிகள் பெரும் பள்ளங்களாகி, மாங்காடு அருகே சிக்கராயபுரத்துப் பள்ளங்களில் தேங்கிய நீரை 2017 வறட்சியில் நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஜல்லியும் எம்-சாண்டும்கூட வட்டாரப் பொருள்தான். பாறையைப் பொடியாக்கி, வெளியூரிலிருந்து வந்த சிமென்ட்டால் மறுபடி பாறையாக்குவதைவிட, அதை முழுக்கல்லாக அடித்தளத்தில் வைப்பது குறைந்த சிமென்ட்டில் முடியும் வேலை. கல் உடைக்கவும் செதுக்கவும் தெரிந்த கைகள் மாமல்லபுரத்தில் உண்டு. அந்த ஊரின் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1957-ல் தொடங்கிய அரசினர் கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி அங்கேயே இருக்கிறது. கோயிலுக்கு ஸ்தபதியை அழைக்கும் அரசு, தன் அலுவலகத்துக்கு ஏன் அழைப்பதில்லை?

கூரைதான் கடினமான பகுதி. சுவரில் இரும்பைத் தவிர்ப்பது எளிது, கூரையில் அப்படியல்ல. நம் முன்னோர் கண்ட விடை மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாகச் சட்டங்கள். சட்டங்களுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவிட்டமாக, காரையில் அடுக்குவார்கள். அது இறுகிய பின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று அங்குலம் போல் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே தட்ட வேண்டும். கட்டை பதியாமல் துள்ளத் தொடங்கினால் தளம் இறுகிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் தட்டோடு பதித்து முடிப்பார்கள். சித்திரை வெயிலில் இந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இது மறைந்துபோன கலை அல்ல. சென்னை சேப்பாக்கத்தில் நவாபின் பழைய அரண்மனையான கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார், அரசு ஆவணங்கள் சாம்பலாயின. பிறகு பொதுப்பணித் துறையே அதைச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், மெட்ராஸ் டெரஸ் என்று பழைய முறையில் மீட்டெடுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கேதான் நடக்கிறது. சூழல் வழக்குகளை விசாரிக்கும் மன்றம் சுண்ணாம்புக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்துள்ள ஹுமாயூன் மஹாலையும் அதே துறை புதுப்பித்தது. ஆக, திறமையை வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. அரசின் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது.

அந்தத் தீ இன்னொன்றையும் கற்பித்தது. மரச்சட்டக் கூரை எரியும். சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, நூறாண்டுப் பத்திரங்கள் உள்ள ரெக்கார்டு அறைக்கு அது தகாது. அங்கே செங்கல் வளைவுக் கூரை போட வேண்டும். இதே சாலையில் தெற்கே போனால் ஆரோவில்லின் எர்த் இன்ஸ்டிடியூட், ஐந்து சதவீதம் போல் சிமென்ட் கலந்து அழுத்திய, சூளையில் சுடாத மண் கட்டிகளால், அடியில் பலகையே இல்லாமல் வளைவுகளும் குவிமாடங்களும் எழுப்பக் கற்றுக்கொடுக்கிறது. வளைவு தன் எடையை அழுத்தமாகவே சுவருக்கு இறக்குவதால் கம்பி தேவைப்படுவதில்லை. ஆனால் மண் கட்டிக்குச் சாரல் எதிரி. மழை அடிக்கும் திசையில் இறவாரம் நீள வேண்டும். கரையோர மணலில் அந்தக் கட்டியை அறுக்கவும் முடியாது, செம்மண் உள்ள உள்நாட்டுக்கே அது பொருந்தும்.

சுண்ணாம்பு ஒன்றும் தவறே செய்யாத பொருள் அல்ல. சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சலைச் சுடும்போதும் கரியமிலவாயு வரும். காளவாயில் ஏறக்குறைய 900 பாகை வெப்பம் போதும், சிமென்ட் கிளிங்கருக்கு 1,450 பாகை வேண்டும். காரை இறுகும்போது தான் விட்ட வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆனால் கழிமுகங்களிலிருந்து கிளிஞ்சலை அள்ளுவதற்கு எல்லை உண்டு, மாவட்டம் முழுதும் காரைக்கு மாறினால் அந்த எல்லை உடனே தெரிந்துவிடும். உலகின் கரியமில வெளியீட்டில் நூற்றுக்கு ஏழு, எட்டு பங்கு சிமென்ட்டால் வருகிறது. அதற்காகச் சிமென்ட்டையே ஒதுக்கிவிட முடியாது. சென்னை வட்டாரத்தை 2002-ல் நிலநடுக்க மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். கம்பியில்லாச் சுவருக்கும் ஜன்னல்களின் மேல்மட்டத்தில் கம்பி வைத்த கான்கிரீட் சுற்றுப் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தப் பட்டைக்கு ஏற்றது, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைத்த எல்.சி.3 சிமென்ட். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தோடு சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.கள் சேர்ந்து வளர்த்தது. 2023-ல் அதற்கு இந்தியத் தர நெறியும் வந்துவிட்டது. குளோரைடு ஊடுருவலைச் சாதாரண சிமென்ட்டைவிட நன்றாகத் தடுக்கும். கரையோரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு எதைக் கேட்பது?

இவ்வளவு நேரம் பொருளைப் பற்றிப் பேசினேன். அலுவலகம் யாருக்காக என்ற கேள்வியை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவர்கள் வரைபடம் போடுகிறவர்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எந்த ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே இல்லை. வேப்ப மரத்தடியிலும் தூங்குமூஞ்சி மரத்தடியிலும் படிக்கட்டிலும் இருக்கிறார்கள். மனு எழுதித் தருகிறவர் ஒரு மடக்கு மேசையோடு, பட்டா மாறுதலுக்கு வந்த கிழவி செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர் கையில் பழைய கடிதங்களோடு. காத்திருப்பதுதான் அங்கே நடக்கும் முதன்மையான வேலை. அதற்கு வரைபடத்தில் அறை கிடையாது. ஏ.சி. போட்ட அறைகளை எவ்வளவு பசுமையாக்கினாலும் இவர்களுக்கு ஒன்றுமில்லை.

இந்த அலுவலகத்துக்கு முதல் தேவை அகலமான தாழ்வாரம், திண்ணை, குடிநீர், கழிப்பறை, மரம். தாழ்வாரம் சும்மா தரும சிந்தனைக்காக அல்ல. இந்த அட்சக்கோட்டில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். தெற்குச் சுவரை மட்டும் மறைத்தால் போதும் என்ற பாடப்புத்தகக் கணக்கு இங்கே செல்லாது. கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டி, இரு பக்கமும் தாழ்வாரம் விட்டால், சுவரில் வெயில் படாது, சாரல் படாது, மக்கள் நிழலில் உட்காரலாம். நண்பகலை ஒட்டிக் கிளம்பும் கடற்காற்று உள்ளே வரக் கிழக்கு முகத்தில் திறப்புகள் வேண்டும். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தார் இந்திய அலுவலகங்களில் செய்த ஆய்விலிருந்து உருவாக்கிய வசதி அளவீட்டின்படி, வெளியே ஒரு மாதச் சராசரி 33 பாகை என்றால், இயற்கைக் காற்றோட்டமுள்ள அலுவலகத்தில் 30 பாகையை ஒட்டிய வெப்பம் மனிதர்களுக்கு இசைவாகவே இருக்கிறது. 2016 தேசியக் கட்டட நெறி இதை ஏற்றுக்கொண்டது. ஏ.சி. தேவைப்படுவது சர்வர் அறைக்கும் சில கூடங்களுக்கும்தான். மற்ற இடங்களில் உயரமான கூரையும் மின்விசிறியும் போதும்.

இனி எஸ்டிமேட். உதவிப் பொறியாளர் ஒருவர் ஒரு கிராம நிர்வாக அலுவலகத்துக்கு மதிப்பீடு போட உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் துறையின் டைப் டிசைன் இருக்கிறது. கரையோரக் குப்பத்துக்கும் மலையடிவார ஊருக்கும் ஒரே வரைபடம். பக்கத்தில் அந்த ஆண்டின் விலைப்பட்டியல். சிமென்ட் கலவையில் செங்கல் கட்டு வேலை, ஆர்.சி.சி. கூரை என்று ஒவ்வொன்றுக்கும் விலை தயாராக நிற்கும். பட்டியலில் உள்ள அயிட்டங்களைக் கூட்டினால் ஒரு பகலில் எஸ்டிமேட் முடிந்துவிடும். எலிப்பொறிக் கட்டு போட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால், அதற்குத் தனியாக டேட்டா தயாரிக்க வேண்டும், விலைப்புள்ளி வாங்க வேண்டும், மேலதிகாரி ஒப்புதல் வேண்டும், நாளைக்குத் தணிக்கை கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் தாண்டி டெண்டர் விட்டால் குறைந்த விலை கேட்ட ஒப்பந்ததாரர் வருவார். அவரிடம் காரை வேலை தெரிந்த கொத்தனார் இருக்க மாட்டார். காரை இறுக நாள் பிடிக்கும், பில்லோ மார்ச் 31-க்குள் போக வேண்டும். இந்த நிலையில் அந்த இளைஞர் ஆர்.சி.சி. என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன்னால் வைத்த பட்டியலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கேரளம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது. 1980-களின் நடுவில் கொல்லத்தில் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய நிர்மிதி கேந்திரமும், திருச்சூரில் 1985-ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனனின் ஈடுபாட்டோடும் பேக்கரின் வழிகாட்டலோடும் உருவான காஸ்ட்ஃபோர்டும், கொத்தனார்களுக்குப் பயிற்சி, பொருள் உற்பத்தி, கட்டுமானம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தன. அரசு அவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்து நேரடியாக வேலைகளை ஒப்படைத்தது. கொல்லத்து மாதிரியைப் பார்த்து நாடு முழுவதும் கட்டட மையங்கள் வந்தன. நம் பொதுப்பணித் துறையில் மரபுக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் கோட்டத்தின் பெயரிலேயே கட்டட மையம் என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டத்துக்கு நாம் கொடுப்பது பழைய அரண்மனைகளை மட்டும்.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் பொதுப்பணித் துறை செட்டிநாட்டு பாணியில் கட்டியது, மக்கள் அதை விரும்பிப் பார்க்கிறார்கள். அரசுக் கட்டடம் அழகாக, ஊரின் முகத்தோடு இருக்க முடியும் என்று அது காட்டியது நல்ல விஷயம். ஆனால் பாணி வேறு, பொருள் வேறு. ஊர்ச் சாயலைக் கான்கிரீட் சட்டகத்தின் மேல் உடுத்துவது தொடக்கமாக இருக்கலாம், அதோடு நின்றுவிடக் கூடாது. ஓமந்தூரார் தோட்டத்தில் 2010-ல் பசுமைக் கட்டடம் என்ற அறிவிப்போடு திறந்த சட்டமன்ற வளாகம் நான்கே ஆண்டில் மருத்துவமனையானது. நட்சத்திரங்களும் பட்டயங்களும் திறப்பு விழா அன்று வழங்கப்படுபவை. கட்டடம் நிலைத்ததா என்பது முப்பதாம் ஆண்டில் தெரியும்.

அரசு நினைத்தால் ஒரே விதியால் ஊர் முழுவதையும் மாற்ற முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் அதன் பிறகு மழைநீர்க் குழாய் இல்லாத வரைபடம் ஒப்புதலுக்குப் போவதில்லை, பிளம்பர்கள் எல்லாரும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள்.

அதே துணிவு இப்போது வேண்டும், செலவோ மிகக் குறைவு. பொதுப்பணித் துறை அடுத்த விலைப்பட்டியலில், புதுக் கட்டடங்களுக்காகவே, காரைக் கட்டு, எலிப்பொறிக் கட்டு, மண் கட்டிச் சுவர், செங்கல் வளைவுக் கூரை, கருங்கல் அடித்தளம், எல்.சி.3 கான்கிரீட் ஆகியவற்றை விலையோடு சேர்க்கட்டும். செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது, அங்கே வேலை செய்கிறவர்கள் சுதந்திரமானவர்களா என்பதற்குச் சான்று கேட்கும் ஒரு வரியும் டெண்டரில் வரட்டும். முதலில் ஆட்சியர் அலுவலகம் வேண்டாம். செய்யூர் வட்டத்தில் கடலோரமாக ஒன்று, மதுராந்தகம் பக்கம் உள்நாட்டில் ஒன்று என இரண்டு கிராம நிர்வாக அலுவலகங்களைச் மரபுக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் அந்தக் கோட்டமும் மாமல்லபுரம் சிற்பக் கலைக் கல்லூரியும் சேர்ந்து கட்டட்டும். உள்ளூர்க் கொத்தனார்கள் அங்கேயே பயிற்சி பெறட்டும். ஆன செலவையும், ஐந்து ஆண்டுகளில் ஆன பராமரிப்பையும், மின்கட்டணத்தையும் பக்கத்து ஊர் டைப் டிசைன் அலுவலகத்தோடு ஒப்பிட்டு மக்கள் பார்க்க வெளியிடட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. விலைப்பட்டியலை ஆண்டுதோறும் துறை எப்படியும் திருத்துகிறது.